கண் சொட்டு மருந்துக்கும் மறதி மாத்திரைக்கும் என்ன உறவு?

வாசகர் கேள்வி, மருந்தியல் பதில்

அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சேதிப்பொருளின் வேலையைக் கூட்டும் கோலினெர்ஜிக் மருந்துகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். இங்கே சொல்லப்படும் அளவுகள் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுபவை. உங்கள் மருந்துச் சீட்டில் வேறு அளவு இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குக் கண் அழுத்தத்துக்குப் பைலோகார்பின் சொட்டு மருந்து. அம்மாவுக்கு மறதி நோய்க்கு டொனெபெசில் மாத்திரை. இரண்டும் கோலினெர்ஜிக் மருந்துதான் என்று மருந்தாளுநர் சொன்னார். கண்ணுக்கும் மூளைக்கும் எப்படி ஒரே வகை மருந்து?

பதில்: இரண்டுக்கும் நடுவில் இருப்பது அசிட்டைல்கோலின். நரம்பு முனையிலிருந்து வெளிவந்து அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லும் வேதிப்பொருள் அது. கண் பாப்பாவைச் சுருக்கும் தசை, இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு, உமிழ்நீர்ச் சுரப்பி, குடல், சிறுநீர்ப்பை, வியர்வைச் சுரப்பி, கை கால் தசைகள், மூளையில் நினைவுக்கும் கவனத்துக்கும் உரிய பகுதிகள் என்று இத்தனை இடங்களிலும் இதே மூலக்கூறுதான் வேலை செய்கிறது.

நரம்பு முனைக்குள் கோலினும் அசிட்டைல் கோஎன்சைம் ஏ-யும் சேர்ந்து அசிட்டைல்கோலின் தயாராகி, நுண்ணிய பைகளில் நிரம்பியிருக்கும். தூண்டல் வந்து கால்சியம் உள்ளே நுழைந்ததும் பைகள் திறந்துகொள்ளும். வெளியே கொட்டிய அசிட்டைல்கோலின் எதிரில் உள்ள ஏற்பியில் பொருந்திச் சேதியைச் சேர்க்கும். அடுத்த கணமே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை அசிட்டேட், கோலின் என்று இரண்டாக உடைத்துவிடும். கோலின் மறுபடி நரம்பு முனைக்கே திரும்பும். இவ்வளவும் மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் அசிட்டைல்கோலினையே ஊசியாகப் போட்டுப் பயனில்லை, ரத்தத்தில் கலந்த வேகத்தில் அழிந்துவிடும். கண்புரை அறுவை சிகிச்சையின்போது பாப்பாவை உடனே சுருக்க வேண்டியிருந்தால் மட்டும் 1 சதவீதக் கரைசலைக் கண்ணுக்குள்ளேயே நேரடியாக விடுவார்கள்.

மருந்துக்கு இரண்டு வழி உண்டு. ஏற்பியிலேயே போய் உட்கார்ந்து அசிட்டைல்கோலின் செய்யும் வேலையைத் தானே செய்வது நேரடி வழி. பைலோகார்பின், பெத்தனிகால், கார்பகால், செவிமெலின் ஆகியவை இந்த வகை. உடைக்கும் நொதியைக் கட்டிப்போட்டு, உடலே சுரக்கும் அசிட்டைல்கோலினை அதிக நேரம் நிற்கவைப்பது மறைமுக வழி. நியோஸ்டிக்மின், பைரிடோஸ்டிக்மின், ஃபைசோஸ்டிக்மின், டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் எல்லாம் இதில் வரும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதல்ல. கண் பாப்பாவுக்குப் போகும் நரம்பு முழுவதுமாக அறுந்துபோயிருந்தால் ஃபைசோஸ்டிக்மின் விட்டாலும் பாப்பா சுருங்காது, காப்பாற்றிவைக்க அங்கே அசிட்டைல்கோலினே இல்லை. பைலோகார்பின் விட்டால் சுருங்கும். அல்சைமரில் மூளையின் கோலினெர்ஜிக் நரம்பு செல்கள் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகின்றன. ஆகவே டொனெபெசிலின் பலனும் எஞ்சியிருக்கும் செல்களை நம்பியதுதான்.

ஏற்பியைத் தூண்டுவது சுலபம், தூண்டுதலை வேண்டிய உறுப்போடு நிறுத்திக்கொள்வதுதான் கடினம். சொட்டாக விடுவது, மூளைக்குள் நுழையாத மூலக்கூறைத் தேர்ந்தெடுப்பது, எதிர்மருந்தைக் கூடவே கொடுப்பது எல்லாம் அந்த ஒரு நோக்கத்துக்காகத்தான். அடுத்து வரும் பதில்களிலும் இதுவே திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

கேள்வி: மருந்தியல் மாணவி நான். அசிட்டைல்கோலின் ஏற்பியில் மஸ்கரினிக், நிகோடினிக் என்று இரண்டு பிரிவு. எந்த உறுப்பில் எது என்று மனப்பாடம் செய்தாலும் மறந்துவிடுகிறது.

பதில்: பட்டியலை விட்டுவிட்டு, ஏற்பி எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். நிகோடினிக் ஏற்பி ஓர் அயனி வாயில். அசிட்டைல்கோலின் பொருந்தியதும் வாயில் திறந்து சோடியம் உள்ளே பாயும். மிக வேகமான செயல் எங்கே தேவையோ அங்கே இது இருக்கிறது: எலும்புத் தசையில், எல்லாத் தானியங்கி நரம்பு முடிச்சுகளிலும், அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில். மஸ்கரினிக் ஏற்பி ஜி புரதத்தோடு இணைந்தது, நிதானமானது. எம்1 முதல் எம்5 வரை ஐந்து வகை. ஒற்றைப்படை எண்கள் (1, 3, 5) செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்தித் தூண்டும். இரட்டைப்படை எண்கள் (2, 4) செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியைக் குறைத்து அடக்கும். இதயத்தில் எம்2, அதனால் துடிப்பு குறைகிறது. சுரப்பிகளிலும் மூச்சுக்குழல், குடல், சிறுநீர்ப்பைத் தசைகளிலும் வேலையை நடத்துவது முக்கியமாக எம்3, அதனால் சுரப்பு கூடுகிறது, தசை சுருங்குகிறது. இந்த ஒரு விதி கைவசம் இருந்தால் பக்கவிளைவுப் பட்டியலை நீங்களே எழுதிவிடலாம்.

ஹென்றி டேல் 1914-இல் இந்த இரு வகைச் செயல்களையும் பிரித்துக் காட்டினார். ஓட்டோ லோவி 1921-இல் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயத்தை நனைத்திருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டபோது அதுவும் துடிப்பைக் குறைத்துக்கொண்டது. நரம்பு சேதி சொல்வது வேதிப்பொருளால்தான் என்பது அப்படி நிலைநாட்டப்பட்டது. இருவரும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தேர்வில் பலர் தவறவிடும் இடம் ரத்தக் குழாய். பெரும்பாலான குழாய்களுக்குப் பாராசிம்பதெடிக் நரம்பே (உடலை ஓய்வு நிலையில் வைக்கும் தானியங்கி நரம்பு) கிடையாது. ஆனாலும் அவற்றின் உள்படலத்தில் எம்3 ஏற்பி இருக்கிறது. அது தூண்டப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடு வெளிவந்து குழாய் தளரும், ரத்த அழுத்தம் இறங்கும். உள்படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே அசிட்டைல்கோலினைக் கொடுத்தால் குழாய் தளர்வதில்லை என்று ஃபர்ச்காட் 1980-இல் காட்டினார். எம்3 என்றால் சுருக்கம் என்று மட்டும் எழுதிவைத்தால் இங்கே தவறும்.

கேள்வி: பைலோகார்பின் விட்டதும் புருவத்தில் வலி, இரவில் கண் மங்கல். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்ணுக்குள் இருக்கும் சீலியரித் தசை சுருங்குவதால் புருவ வலி வருகிறது. தொடங்கிய சில நாட்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். அதே தசைச் சுருக்கம்தான் கண் நீர் வடியும் சல்லடைப் பகுதியை விரித்து அழுத்தத்தைக் குறைக்கிறது. வலியும் பலனும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பாப்பா சுருங்கிவிடுவதால் மங்கிய வெளிச்சத்தில் பார்வை குறையும், கண்புரையும் சேர்ந்திருந்தால் இன்னும் குறையும். சொட்டு விட்ட பிறகு இரவில் வண்டி ஓட்டக் கூடாது.

விடும் முறையில் கவனம் வேண்டும். ஒரு சொட்டு போதும், இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரமாக உள்ள கண்ணின் உள்மூலையை விரலால் 2 நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். இல்லையென்றால் மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குப் போய் ரத்தத்தில் கலந்து வியர்வை, எச்சில், வயிற்று வலி கொடுக்கும். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் 5 நிமிட இடைவெளி வேண்டும். கண்ணெதிரே திடீரென்று மின்னல் வெட்டுகள், கரும்புள்ளிகள், திரை விழுந்தது போன்ற மறைப்பு தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பைலோகார்பினால் அரிதாக விழித்திரை பிரியலாம்.

கண் திடீரென்று சிவந்து, தாங்கமுடியாத வலியோடு அழுத்தம் ஏறும் கோண அடைப்பு கிளாக்கோமாவில் சொட்டை மேலும் மேலும் விட்டுப் பயனில்லை. அழுத்தம் மிக உயர்ந்திருக்கும்போது பாப்பாவைச் சுருக்கும் தசைக்கே ரத்தம் போகாது, மருந்துக்கு அது மசியாது. அசிட்டசோலமைடு போன்றவற்றால் அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் பைலோகார்பின் வேலை செய்யும்.

கேள்வி: கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தபின் வாய் எப்போதும் உலர்ந்தே கிடக்கிறது. இதற்கும் பைலோகார்பின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். சரியா?

பதில்: சரிதான். 5 மி.கி. வீதம் தினமும் மூன்று வேளை தொடங்குவது வழக்கம். எஞ்சியிருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியைத்தான் அது தூண்டும், முழுதும் அழிந்த சுரப்பியை உயிர்ப்பிக்காது. முழுப் பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம். அதிகம் வியர்க்கும், ஆகவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா இருந்தால் இந்த மாத்திரை கூடாது.

கேள்வி: எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய். பைரிடோஸ்டிக்மின் 60 மி.கி. சாப்பிடுகிறேன். சில நாட்களில் பலவீனம் கூடும்போது ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன். ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். ஏன் என்று விரிவாகச் சொல்கிறோம்.

உங்கள் நோயில் நரம்பு சரியாக இருக்கிறது, அசிட்டைல்கோலினும் போதுமான அளவு சுரக்கிறது. தசையின் நிகோடினிக் ஏற்பிகளைத்தான் நோயெதிர்ப்பு மண்டலத்தின் எதிர்ப்பொருள்கள் தாக்கி எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. பைரிடோஸ்டிக்மின் உடைக்கும் நொதியைத் தடுத்து அசிட்டைல்கோலினை அதிக நேரம் நிறுத்துவதால், மிஞ்சிய ஏற்பிகளுக்கு அது மறுபடி மறுபடி கிடைக்கிறது. லண்டனில் மேரி வாக்கர் 1934-இல் இந்த வழியைத் திறந்தார். மயஸ்தீனியாவின் தளர்ச்சி கியூராரே நஞ்சின் தளர்ச்சியைப் போலவே இருப்பதைக் கவனித்து, அதன் முறிவான ஃபைசோஸ்டிக்மினை ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். இமை தூக்கிக்கொண்டது.

மாத்திரை 30 முதல் 45 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி 3 முதல் 6 மணி நேரம் வரை நிற்கும். விழுங்குவதும் மெல்லுவதும் சிரமமாக இருப்பவர்கள் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பாகப் போட்டால் சாப்பிடும் நேரத்தில் தசை பலத்தோடு இருக்கும். இது சின்ன மாற்றம்தான், புரையேறுவதைப் பெரிதும் குறைக்கும். 180 மி.கி. நீடித்த வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பொடித்தால் பல மணி நேரத்துக்கு உரிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

ஏற்பியை அசிட்டைல்கோலின் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அது செயலிழந்து போகும். தசை மறுபடி தளரும். இதற்குக் கோலினெர்ஜிக் நெருக்கடி என்று பெயர். பார்ப்பதற்கு அது நோய் முற்றியது போலவே இருக்கும். ‘மருந்து போதவில்லை’ என்று எண்ணி இன்னும் ஒன்றைப் போட்டால் மூச்சுத் தசையும் நின்றுவிடக்கூடும். எச்சில் ஒழுகுவது, கண்ணில் நீர் வடிவது, வயிற்றுப்போக்கு, வியர்வை, சிறுத்த பாப்பா, தோலுக்கடியில் தசை துள்ளுவது ஆகியவை பலவீனத்தோடு சேர்ந்து வந்தால் மருந்து மிஞ்சியதாகச் சந்தேகிக்க வேண்டும். இவை இல்லாத பலவீனம் நோயினால் வந்திருக்கலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. பேசும்போதே மூச்சு வாங்குவது, தலை நிற்காமல் தொங்குவது, எச்சிலை விழுங்க முடியாமல் போவது மூன்றில் எது வந்தாலும் மாத்திரையைத் தொடாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பலவீனம் அடிக்கடி கூடுகிறதென்றால் வேறு காரணத்தையும் தேட வேண்டும். தொற்று இருக்கலாம். புதிதாகச் சேர்ந்த மருந்தும் இருக்கலாம். ஜென்டமைசின் போன்ற அமினோகிளைகோசைடுகள், சிப்ரோஃப்ளாக்சசின் வகை, அசித்ரோமைசின் வகை, நரம்பு வழி மெக்னீசியம், பீட்டா பிளாக்கர்கள் எல்லாமே மயஸ்தீனியாவைத் தூண்டிவிடும். இந்தப் பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். பல் மருத்துவர் உட்பட யாரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

பைரிடோஸ்டிக்மின் அறிகுறியைத்தான் தணிக்கிறது, எதிர்ப்பொருளைத் தொடுவதில்லை. அளவு ஏறிக்கொண்டே போவது, ஸ்டீராய்டு அல்லது வேறு நோயெதிர்ப்பு அடக்கி பற்றி மருத்துவரோடு பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு அறிகுறி.

கேள்வி: மாமியாருக்கு அல்சைமர். டொனெபெசில் தொடங்கியதும் வயிற்றுப்போக்கும் கெட்ட கனவும். இப்போது ரிவாஸ்டிக்மின் பட்டை ஒட்டச் சொல்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: டொனெபெசிலை 5 மி.கி. இரவில் ஒரு வேளை என்று தொடங்கி, 4 முதல் 6 வாரம் கழித்துத் தாங்கினால் 10 மி.கி.க்கு ஏற்றுவார்கள். அவசரமாக ஏற்றினால் குமட்டலும் பேதியும் நிச்சயம். கனவுத் தொல்லை இருந்தால் மாத்திரையைக் காலைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். இதை மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தீர்களா? உடலிலிருந்து பாதி வெளியேறவே சுமார் 70 மணி நேரம் ஆகும் மருந்து இது. ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் வழக்கமான ஒன்று மட்டும் போதும், சேர்த்து இரண்டு வேண்டாம்.

ரிவாஸ்டிக்மின் வாய்வழியாகத் தரும்போது குமட்டல் அதிகம். பட்டையில் மருந்து சீராக இறங்குவதால் வயிறு ஓரளவு தப்பிக்கும். 24 மணி நேரத்துக்கு 4.6 மி.கி. விடும் பட்டையில் தொடங்கி, குறைந்தது 4 வாரம் கழித்து 9.5 மி.கி. பட்டைக்குப் போவார்கள்.

இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு, பழைய பட்டையை எடுக்காமல் புதியதை ஒட்டுவது. உயிரிழப்பு வரை போயிருக்கிறது. முதுகில் ஒட்டியதை நோயாளி பார்க்க முடியாது, காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவரும் ஒட்டிவிடுவார்கள். வீட்டில் ஒரே ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். முதலில் பழையதை உரித்துக் கையில் எடுத்த பிறகுதான் புதிய உறையைக் கிழிக்க வேண்டும். பட்டையின் மேல் தேதியை எழுதுங்கள். முதுகு, மேற்கை, மார்பு ஆகிய இடங்களில் முடியில்லாத, காயமில்லாத, எண்ணெய் பூசாத தோலில் 30 நொடி அழுத்தி ஒட்டுங்கள். ஒட்டிய இடத்திலேயே 14 நாட்களுக்கு மறுபடி ஒட்டக் கூடாது. வெட்டிப் பாதியாக்கக் கூடாது. உரித்த பட்டையில் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே போகுமாறு மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள், பிறகு கை கழுவுங்கள். இரண்டு பட்டை ஒட்டியிருப்பது தெரிந்தால் இரண்டையும் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், அடுத்த 24 மணி நேரத்துக்குப் புதிது வேண்டாம். மாறாக, ஒட்டாமல் 3 நாளுக்கு மேல் விட்டுப்போயிருந்தால் விட்ட அளவிலிருந்து தொடராமல் 4.6 மி.கி.யிலிருந்தே தொடங்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் நாடித்துடிப்பைப் பாருங்கள். மூளையில் வேலை செய்ய வேண்டிய மருந்து இதயத்தின் எம்2 ஏற்பிக்கும் போகத்தான் செய்யும். பீட்டா பிளாக்கர், டிகாக்சின், வெராபமில் ஆகிய இதய மருந்துகளில் ஒன்று ஏற்கெனவே இருந்தால் துடிப்பு மிகக் குறைந்து மயங்கி விழலாம், இடுப்பு எலும்பு முறியலாம். தொடங்கும் முன் இசிஜி எடுப்பது நல்லது. எடையையும் மாதம் ஒரு முறை குறித்துவையுங்கள், பசியின்மையால் மெல்ல இளைப்பது எளிதில் கண்ணில் படாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். டொனெபெசிலால் சிறுநீர் அடக்க முடியாமல் போகும். அதைப் புது நோய் என்று எண்ணி ஆக்சிபியூட்டினின் எழுதுவார்கள். அது நேர் எதிர்வேலை செய்யும் மருந்து. ஒரு கையால் அசிட்டைல்கோலினைக் கூட்டி மறு கையால் அடைப்பதாகிவிடும், மறதியும் குழப்பமும் கூடும். சளிக்குத் தரும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்குத் தரும் டைஃபென்ஹைட்ரமின், அமிட்ரிப்டிலின் எல்லாமே இந்த வகைதான். மருந்துப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு பலன் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நோய் நிற்காது. சிலருக்குக் கவனம், அன்றாட வேலை, பேச்சு சில மாதங்களுக்குச் சற்று மேம்பட்டோ சரியாமலோ நிற்கும். லூயி பாடி மறதி நோயிலும் பார்கின்சனோடு வரும் மறதியிலும் பலன் பெரும்பாலும் நன்றாகவே தெரியும். மூளையின் முன், பக்கப் பகுதிகளைத் தாக்கும் ஃப்ரன்டோடெம்பரல் வகை மறதியில் இவற்றைக் கொடுப்பதில் பயனில்லை.

கேள்வி: கோலின், லெசித்தின் மாத்திரை சாப்பிட்டால் நினைவாற்றல் கூடுமா?

பதில்: மறதி நோயில் கோலின் அடங்கிய லெசித்தினைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் நிரூபணமாகவில்லை. மூலப்பொருளைக் கூட்டிவிட்டதால் மட்டும் நரம்பு அதிகமாகச் சுரந்துவிடாது.

கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர் வரவில்லை. டியூப் வைத்தார்கள், பிறகு பெத்தனிகால் தந்தார்கள். குடலையும் அது ஓட்டிவிடுமாமே?

பதில்: ஓட்டும். அசிட்டைல்கோலினெஸ்டரேஸால் உடைக்க முடியாதபடி வடிவமைத்த மூலக்கூறு அது. மஸ்கரினிக் ஏற்பியை மட்டும் தூண்டுவதால் சிறுநீர்ப்பைத் தசை சுருங்குகிறது. 10 முதல் 50 மி.கி. வரை, தினம் 3 அல்லது 4 வேளை, சாப்பாட்டுக்கு 1 மணி முன்போ 2 மணி பின்போ எடுக்க வேண்டும். வயிறு நிறைந்திருக்கும்போது எடுத்தால் வாந்தி வரும். வழியில் அடைப்பு உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வீங்கிய புராஸ்டேட்டோ கல்லோ மறித்திருக்கும்போது பையைச் சுருக்கினால் அழுத்தம் சிறுநீரகத்தின் பக்கம் திரும்பும். இதை நரம்பிலோ தசையிலோ ஊசியாகப் போடவே கூடாது, இதயம் நின்றுவிடலாம்.

அறுவைக்குப் பின் பெருங்குடல் அசைவற்று வயிறு பானையாக உப்பும் நிலை ஒன்று உண்டு. அடைப்போ ஓட்டையோ இல்லை என்று ஸ்கேனில் உறுதியான பிறகு நியோஸ்டிக்மின் 2 மி.கி.யை 3 முதல் 5 நிமிடத்தில் மெல்ல நரம்பு வழியாக ஏற்றினால் பலருக்குச் சில நிமிடங்களில் காற்று பிரியும். இசிஜி திரை ஓடிக்கொண்டும், அட்ரோப்பின் ஊசி நிரப்பிக் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும்.

கேள்வி: மயக்க மருந்து தெளியவைக்கும்போது நியோஸ்டிக்மினோடு கிளைகோபைரோலேட் ஏன் சேர்க்கிறார்கள்?

பதில்: அறுவையின்போது தசையைத் தளர்த்தும் வெக்யூரோனியம், ரோக்யூரோனியம் ஆகியவை நிகோடினிக் ஏற்பியில் அசிட்டைல்கோலினோடு போட்டியிடுகின்றன. நியோஸ்டிக்மின் அசிட்டைல்கோலினைப் பெருக்கி அந்தப் போட்டியில் வெல்லவைக்கிறது. ஆனால் பெருகியது இதயத்துக்கும் மூச்சுக்குழலுக்கும் போய்ச் சேரும்: துடிப்பு விழும், சளி ஊறும். கிளைகோபைரோலேட் மஸ்கரினிக் ஏற்பிகளை மட்டும் மூடிவிடுவதால் தசையில் மட்டும் பலன் நிற்கிறது. 1 மி.கி. நியோஸ்டிக்மினுக்கு 0.2 மி.கி. கிளைகோபைரோலேட் என்பது நடைமுறைக் கணக்கு. நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 0.03 முதல் 0.07 மி.கி., மொத்தம் 5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது.

எங்கே தவறுகிறது? தளர்ச்சி மிக ஆழமாக இருக்கும்போதே கொடுத்துவிடுவதில். நொதி முழுவதும் தடுக்கப்பட்ட பிறகு இன்னும் கொடுத்தாலும் அசிட்டைல்கோலின் கூடாது, அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நரம்புத் தூண்டி வைத்து அடுத்தடுத்து நான்கு முறை தூண்டிப் பார்த்து, தசையின் நான்காவது துடிப்பு முதல் துடிப்பின் 0.9 பங்கை எட்டிய பிறகே மூச்சுக்காக வைத்த குழாயை எடுக்க வேண்டும். கண்ணால் பார்த்து ‘போதும்’ என்று முடிவெடுத்தால் நோயாளி வார்டில் மூச்சுக்குத் திணறுவார். வேறு விதமாக வேலை செய்யும் தசைத் தளர்த்தியான சக்சினைல்கோலினுக்கு நியோஸ்டிக்மின் முறிவு அல்ல, அதன் தளர்ச்சியை நீட்டிவிடும். டொனெபெசில் சாப்பிடுபவர் அறுவைக்குப் போகும்போது மயக்கவியல் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டியதும் இதனால்தான்.

கேள்வி: பூச்சி மருந்து குடித்தவருக்கு ஏன் அவ்வளவு அட்ரோப்பின் ஏற்றுகிறார்கள்? பூச்சி மருந்தும் இந்த வகைதான் என்கிறார்களே?

பதில்: ஆம். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் பைரிடோஸ்டிக்மின் தடுக்கும் அதே நொதியைத்தான் தடுக்கின்றன. பைரிடோஸ்டிக்மின் சில மணி நேரத்தில் நொதியை விட்டுவிடும். ஆர்கனோபாஸ்பேட் அதன் செரின் என்ற இடத்தில் பாஸ்பேட்டைப் பதித்துவிடுகிறது. நேரம் ஆக ஆக அந்தப் பிணைப்பு இறுகி, பிறகு பிரிக்கவே முடியாமல் போகும். டைமீத்தைல் வகைகளில் ஏறத்தாழ 4 மணி நேரத்தில் பாதி நொதி இறுகிவிடும், டைஈத்தைல் வகைகளில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். கார்போஃபியூரான் போன்ற கார்பமேட்டுகளில் இந்த இறுக்கம் இல்லை, நொதி தானே மீளும்.

கண்ணீர், எச்சில், வாந்தி, பேதி, சிறுநீர், வியர்வை என்று எல்லாம் ஒருசேரக் கொட்டும், பாப்பா ஊசிமுனையாகும். கொல்வது மூச்சு: நுரையீரலில் நீர் ஊறும், மூச்சுக்குழல் சுருங்கும், மூச்சுத் தசை தளரும், மூளையின் மூச்சு மையம் அடங்கும். நான்கும் சேர்ந்து.

அட்ரோப்பின் 1.8 முதல் 3 மி.கி. நரம்பு வழியாகத் தொடங்கி, போதவில்லை என்றால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக்குவார்கள். எதைப் பார்த்து நிறுத்துவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். நெஞ்சில் குழல் வைத்தால் ஈரச் சத்தம் இருக்கக் கூடாது, நாடி 80-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் உலர்ந்திருக்க வேண்டும். பாப்பா விரியும் வரை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது, கண்ணில் பூச்சி மருந்து தெறித்திருந்தால் அது நெடுநேரம் சிறுத்தே இருக்கும். நாடி வேகமாக இருக்கிறது என்று அட்ரோப்பினைத் தவிர்ப்பதும் தவறு. நெஞ்சு தெளிந்த பின், அதுவரை ஏற்றிய மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை மணிக்கு ஒரு முறை என்ற வேகத்தில் சொட்டாக ஓடவிடுவார்கள். குடல் சத்தம் நின்று, காய்ச்சலும் பிதற்றலும் வந்தால் அட்ரோப்பின் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

அட்ரோப்பின் மஸ்கரினிக் பக்கத்தை மட்டுமே மூடும். தசைத் தளர்ச்சி நிகோடினிக் விவகாரம், அதற்குச் செயற்கைச் சுவாசக் கருவி வேண்டும். நொதியில் பதிந்த பாஸ்பேட்டைப் பெயர்த்தெடுக்கும் மருந்து பிராலிடாக்சிம். கிலோவுக்கு 30 மி.கி. தொடக்கமாகவும் பின் கிலோவுக்கு மணிக்கு 8 மி.கி. வீதமும் தருவது ஒரு முறை. பிணைப்பு இறுகிய பிறகு பயனில்லை, முன்பே கொடுத்தாலும் ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. நோயாளி தேறிவிட்டதாகத் தோன்றும் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரும் கட்டம் ஒன்று வரலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் அதுதான் முதல் எச்சரிக்கை.

வீட்டில் செய்ய வேண்டியது: கையுறை போட்டுக்கொண்டு உடையைக் களையுங்கள், சோப்பும் தண்ணீரும் கொண்டு தோலையும் முடியையும் கழுவுங்கள், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து பூச்சி மருந்துப் புட்டியோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெய்த் திரவம் நுரையீரலுக்குப் போனால் அதுவே இன்னொரு நஞ்சு. குடித்தவர் பிழைத்து எழுந்த பிறகு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் சிகிச்சையின் பகுதிதான், விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஊமத்தங்காய் நஞ்சுக்கு ஃபைசோஸ்டிக்மின் முறிவு என்பது உண்மையா?

பதில்: உண்மை. ஊமத்தையில் அட்ரோப்பினும் ஸ்கோபலமினும் இருக்கின்றன, அதனால் பிதற்றல், விரிந்த பாப்பா, உலர்ந்த சூடான தோல். நியோஸ்டிக்மினுக்கு மின்னேற்றம் இருப்பதால் மூளைக்குள் நுழையாது. ஃபைசோஸ்டிக்மின் நுழையும், ஆகவே பிதற்றலைத் தெளியவைக்கும். 0.5 முதல் 2 மி.கி. வரை, 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல ஏற்ற வேண்டும். வேகமாகப் போட்டால் வலிப்பு வரும், துடிப்பு விழும். அமிட்ரிப்டிலின் வகை மாத்திரை விழுங்கி இசிஜியில் க்யூஆர்எஸ் (இதயக் கீழறைகளின் மின்னலை) அகன்றிருப்பவருக்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: இத்தனை பழைய மருந்துகள். புதிதாக எதுவும் வரவில்லையா?

பதில்: வந்திருக்கிறது. மனச்சிதைவு நோயான ஸ்கிசோஃப்ரினியாவுக்கான சனோமெலின், டிராஸ்பியம் கூட்டு மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 செப்டம்பரில் அனுமதி தந்தது. சனோமெலின் எம்1, எம்4 ஏற்பிகளை மூளையில் தூண்டுகிறது. தனியாகக் கொடுத்தபோது வாந்தியும் வியர்வையும் தாங்கமுடியவில்லை. டிராஸ்பியம் மஸ்கரினிக் ஏற்பியை மூடும் மருந்து, ஆனால் மூளைக்குள் அநேகமாகப் போவதில்லை. இரண்டையும் சேர்த்ததும் தூண்டுதல் மூளையில் நிற்கிறது, வயிறும் சுரப்பிகளும் பெருமளவு தப்பிக்கின்றன. இந்நோய்க்கான பழைய மருந்துகளைப் போல டோபமைன் ஏற்பியை அடைக்காத வழி இது என்பதால் மனநல மருத்துவத்தில் இதற்குத் தனி மதிப்பு.

சனோமெலின்/டிராஸ்பியம் 50/20 மி.கி. தினம் இரு வேளை என்று குறைந்தது 2 நாள், பிறகு 100/20 மி.கி. குறைந்தது 5 நாள், தாங்கினால் 125/30 மி.கி. வரை ஏற்றுவார்கள். சாப்பாட்டுக்கு 1 மணி முன்போ 2 மணி பின்போ எடுக்க வேண்டும். சிறுநீர் தேங்குபவர்கள், இரைப்பை காலியாகாதவர்கள், மிதமானதோ கடுமையானதோ ஆன கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், சிகிச்சை பெறாத குறுங்கோண கிளாக்கோமா உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனையும் நாடித்துடிப்பும் பார்க்க வேண்டும்.